ரக்பி லீக் அகாடமி: 14 வயதில் அளக்கப்படுவது திறமையா, வளர்ச்சியா?

வடக்கு இங்கிலாந்தின் ரக்பி லீக் ஊர்களில் ஒவ்வோர் ஆண்டும், தொழில்முறைக் கிளப்பின் இளையோர் பயிற்சிப் பிரிவான அகாடமிக்குத் தேர்வானவர்களின் பட்டியல் வந்ததும் ஒரே பேச்சுதான். 'இந்தக் காலத்துப் பையன்களுக்கு வெறி போதாது' என்பார் ஒருவர். 'பயிற்சியாளருக்கு ஆள் பார்க்கத் தெரியவில்லை' என்பார் இன்னொருவர். 'ஆஸ்திரேலியாவிலிருந்து ஆளை இறக்குகிற கிளப்புக்கு உள்ளூர்ப் பையன் எதற்கு?' என்று மூன்றாவது குரல் எழும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் வேறொரு கேள்வியில் இருக்கிறது: ஒரு பையனைப் பற்றிய முடிவை எந்த வயதில் எடுக்கிறார்கள்? அந்த வயதில் அவன் உடல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

நல்ல பயிற்சியாளர், நேர்மையான கிளப், உழைக்கிற பையன் மூவரும் சேர்ந்திருந்தாலும் தவறான முடிவு வரக்கூடிய அமைப்பு இது. அது எப்படி வருகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

எந்த ஆட்டம், எந்த ஏணி

ரக்பியில் இரண்டு வகை. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குக் கிளப்புகள், ரக்பி யூனியன் அமைப்பிலிருந்து பிரிந்தன. வேலையை விட்டு ஆட வரும் தொழிலாளிகளுக்கு இழந்த கூலியை ஈடுகட்டலாமா என்பதுதான் சண்டை. பிரிந்தவர்களின் ஆட்டமே பிற்காலத்தில் ரக்பி லீக் ஆனது. ஓர் அணிக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணி ஆறு முறை மடக்கிப் பிடிக்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். மடக்கிப் பிடிப்பதை டேக்கிள் என்கிறார்கள். ஓடு, மோது, எழு, மறுபடி மோது என்பதே ஆட்டத்தின் அடிப்படை. அதனால் உடல் எடை கிட்டத்தட்ட ஒவ்வொரு நகர்விலும் கணக்கில் வருகிறது. கால்பந்தில் சிறிய பையன் மோதாமலே ஒரு ஆட்டத்தைக் கடந்துவிடலாம். இங்கே அது முடியாது.

இங்கிலாந்தில் ஏணி இப்படிப் போகிறது. ஆறேழு வயதில் ஊர்க் கிளப். 14 வயதையொட்டித் தொழில்முறைக் கிளப்பின் ஸ்காலர்ஷிப் திட்டம். 16 வயதில் அகாடமி ஒப்பந்தம், 18 வரை. அதற்கு மேல் ரிசர்வ் எனப்படும் இரண்டாம் அணி. உச்சியில் 1996ல் தொடங்கிய சூப்பர் லீக்கில் ஆடும் முதல் அணி. ஆட்ட நாளில் முதல் அணிக்கு 17 இடங்கள்தான்: களத்தில் 13, மாற்றுக்கு 4.

இந்த ஆட்டம் ஆழமாக வேர்விட்டிருக்கும் நிலப்பரப்பும் சிறியது. ஹல் தொடங்கி காஸில்ஃபோர்டு, வேக்ஃபீல்டு, லீட்ஸ், பிராட்ஃபோர்டு வழியாக விகன், செயிண்ட் ஹெலன்ஸ் வரை, எம்62 நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்கள்தான் பெரும்பாலும். ஆகவே ஒரு பையனைத் தவறாகக் கழித்துவிட்டால் அவனுக்குப் பதிலாக வர ஆள் அதிகம் இல்லை.

ஒரே வகுப்பு, ஒரு வருட இடைவெளி

ஒன்றாம் வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஒரே பெஞ்சில் இரண்டு குழந்தைகள். ஒருத்திக்கு அப்போதுதான் ஐந்து வயது முடிந்திருக்கிறது, மற்றவளுக்கு ஆறு முடியப் போகிறது. பெரியவளின் கையெழுத்து நன்றாக இருக்கும், சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்வாள். டீச்சர் அவளைக் 'கெட்டிக்காரி' என்பார். உண்மையில் அவள் சின்னவளைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆயுள் கூடுதலாக வாழ்ந்திருக்கிறாள், அவ்வளவே. ஆனால் கெட்டிக்காரி என்ற பெயர் கிடைத்ததும் முன்பெஞ்சும் கூடுதல் கவனமும் போட்டிக்கு அனுப்பப்படும் வாய்ப்பும் அவளுக்கே வருகின்றன. சில வருடங்களில் அவள் நிஜமாகவே கெட்டிக்காரி ஆகிவிடுகிறாள்.

விளையாட்டில் இதற்கு 'சார்பு வயது விளைவு' என்று பெயர். அதாவது, வயதுப் பிரிவின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் தேர்வுகளில் அளவுக்கு மீறி இடம்பிடிப்பது. 1985ல் ரோஜர் பார்ன்ஸ்லியும் சகாக்களும் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்து இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்து ரக்பி லீக்கிலும் இது இருப்பதை 2010ல் கெவின் டில், ஸ்டீபன் கோப்லி முதலியோரின் ஆய்வு காட்டியது. அங்கே வயதுப் பிரிவு பள்ளி ஆண்டைப் போலவே செப்டம்பர் 1ல் தொடங்குகிறது. எனவே செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் பிறந்தவர்களுக்குச் சாதகம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பிறந்தவர்களுக்குப் பாதகம். ஆஸ்திரேலியாவில் ஜனவரி 1 என்பதால் அங்கே சாதகம் ஜனவரிக் குழந்தைகளுக்கு. கோடு எங்கே போடப்படுகிறதோ அதை ஒட்டியே 'திறமை'யும் நகர்கிறது என்றால், அளக்கப்படுவது வேறு ஏதோ ஒன்று என்றுதானே பொருள்?

14 வயதில் 12 மாத இடைவெளி என்பது வாழ்நாளில் பதினான்கில் ஒரு பங்குதானே, பொருட்படுத்த வேண்டியதா என்று கேட்கலாம். ஆனால் தேர்வு 14ல் தொடங்குவதில்லை. எட்டு வயதிலேயே ஊர்க் கிளப்பின் 'ஏ' அணி, 'பி' அணி பிரிந்துவிடுகிறது. 'ஏ' அணிக்கு நல்ல பயிற்சியாளர், கடினமான எதிரிகள். ஆறு வருடம் கழித்து ஸ்காலர்ஷிப் ஆள் பார்க்க வருபவர் எதிரே நிற்பது, ஏற்கெனவே பலமுறை சலிக்கப்பட்ட கூட்டம். ஆகஸ்டில் பிறந்தவர்களில் பலர் அதற்குள் ஆட்டத்தையே விட்டிருப்பார்கள்.

பிறந்த மாதம் வேறு, உடல் முதிர்ச்சி வேறு

இங்குதான் பெரும்பாலான விவாதங்கள் குழம்புகின்றன. சார்பு வயது என்பது காலண்டர் கணக்கு. அதிகபட்ச வித்தியாசம் 12 மாதம். உடல் முதிர்ச்சி என்பது பருவமடைதல் எப்போது தொடங்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது. ஒரே நாளில் பிறந்த இருவரிடையே கூட இது வருடக்கணக்கில் மாறுபடலாம்.

பருவமடைவதற்கு முன் பையன்கள் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வளர்கிறார்கள். பிறகு ஒரு கட்டத்தில் அது 9, 10 செ.மீ. வரை ஏறி, மெல்ல இறங்கி நிற்கிறது. வளர்ச்சி வேகம் உச்சத்தைத் தொடும் அந்தக் கட்டத்தை 'உச்ச வளர்ச்சிக் காலம்' என்போம். சராசரியாக அது 14 வயதையொட்டி வருகிறது. சிலருக்கு 12லேயே, சிலருக்கு 16 நெருங்கும்போதுதான். எடையும் தசையும் ஏறுவது உயரம் ஏறிச் சில மாதங்களுக்குப் பிறகு.

ஸ்காலர்ஷிப் முடிவு எடுக்கப்படும் வயதும் இதே 14தான். வளர்ச்சியில் ஒருவருக்கொருவர் மிக அதிகமாக வேறுபடும் ஆண்டிலேயே ஒப்பிட்டுத் தேர்வு செய்கிறோம்.

மோதலில் இது என்ன செய்யும் என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். உந்தம் என்பது எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது. 80 கிலோ பையன் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்தால் 400. அவனைத் தடுக்க நிற்கும் 55 கிலோ பையன் அதே வேகத்தில் வந்தால் 275. சமப்படுத்த அவனுக்கு விநாடிக்கு 7.3 மீட்டர் வேண்டும். கிட்டத்தட்ட முழு ஓட்டம். டேக்கிளுக்குக் குனியும் நேரத்தில் அந்த வேகம் யாருக்கும் இருக்காது. சின்னவன் தோளைச் சரியாக வைத்து, தலையைச் சரியான பக்கம் கொண்டுபோய், கால்களை அணைத்துப் பிடித்தாலும் பின்னால் தள்ளப்படுவான். ஓரத்தில் நின்று பார்ப்பவர் நோட்டில் 'மோதலில் தோற்கிறான்' என்று எழுதிக்கொள்வார். நுட்பம் சரியாக இருந்தது என்பதற்கு அந்த நோட்டில் கட்டமே இருக்காது.

இதைப் பேசும்போதெல்லாம் ராப் பரோவின் பெயர் வரும். 165 செ.மீ. உயரம், லீட்ஸ் ரைனோஸ் அகாடமியிலிருந்து வந்து 2001 முதல் 2017 வரை அந்தக் கிளப்புக்கு 492 ஆட்டங்கள், எட்டு சாம்பியன் பட்டங்கள். மகத்தான வீரர். ஆனால் அவர் இந்தப் பிரச்சினைக்குச் சரியான உதாரணம் இல்லை. வளர்ந்து முடிந்த பிறகும் சிறியவராகவே இருந்தவர் அவர். உடல் தாமதமாக முதிர்பவன் 19 வயதில் மற்றவர்களுக்குச் சமமாக வளர்ந்து நிற்பான். 'பரோ சாதித்தாரே, இவனும் போராடட்டும்' என்று சொல்வது, இரண்டு வேறு பையன்களை ஒருவராகப் பார்ப்பது. ஜொனாதன் தர்ஸ்டனின் கதை இன்னும் பக்கத்தில் வரும். குயின்ஸ்லாந்தில் பல கிளப்புகள் ஏற்காமல் விட்டபின் சிட்னியின் கேன்டர்பரி புல்டாக்ஸில் இடம் கிடைத்து, 2002ல் முதல் ஆட்டம் ஆடி, பிறகு ஆஸ்திரேலியாவின் ஆண்டுச் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கத்தை நான்கு முறை வென்றவர். ஏற்க மறுத்தவர்களில் யாரும் முட்டாள்கள் இல்லை. பார்த்த வயதுதான் சிக்கல்.

இதுவரை: பிறந்த மாதம் சிறு வயதிலிருந்தே சலிக்கிறது. உடல் முதிர்ச்சி 12 முதல் 15 வயதுக்குள் இன்னும் கடுமையாகச் சலிக்கிறது. இரண்டும் தனித்தனிக் காரணங்கள். ஆகஸ்டில் பிறந்து தாமதமாகவும் முதிரும் பையன் இரண்டிலும் மாட்டிக்கொள்கிறான்.

தேர்வான பெரிய பையனுக்கும் நஷ்டம் உண்டு

கழிக்கப்பட்டவனுக்காக வருந்துகிறோம். எடுக்கப்பட்டவனைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 14 வயதில் 85 கிலோ இருப்பவனை முன்வரிசையில் நிறுத்தி, 'பந்தை வாங்கு, நேராக ஓடு' என்பார்கள். நேராக ஓடினாலே மூன்று பேர் சரிவார்கள். ஆகவே அவன் மோதலுக்கு முன் கடைசி நொடியில் கால் மாற்றி விலகக் கற்பதில்லை. இரண்டு பக்கமும் பாஸ் போடப் பழகுவதில்லை. டேக்கிளில் காலடி எங்கே வைப்பது என்பதும் தேவைப்படாததால் தங்காது. வாராவாரம் ஜெயிப்பதால் குறை வெளியே தெரியாது.

17, 18 வயதில் மற்றவர்கள் எடையில் எட்டிப் பிடிக்கிறார்கள். சாதகம் ஒரே குளிர்காலத்தில் கரைந்துபோகிறது. நான்கு வருடமாகக் கற்க வேண்டியதைக் கற்காதவன், பழகியிராத தோல்வியோடு சேர்த்து அதையும் சமாளிக்க வேண்டும். 'வளராமல் நின்றுவிட்டான்' என்று சொல்லி விடுவித்துவிடுவார்கள்.

மறுபக்கம், சல்லடையில் எப்படியோ தப்பி வந்த சின்னவர்கள் பின்னால் நன்றாக ஆடுகிறார்கள். நீல் மெக்கார்த்தியும் டேவ் காலின்ஸும் 2014ல் இங்கிலாந்தின் ஒரு ரக்பி யூனியன் அகாடமியைப் பார்த்தபோது, உள்ளே நுழைந்தவர்களில் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம். ஆனால் தொழில்முறை வீரராக உயர்ந்தவர்களின் விகிதம் ஆண்டின் இறுதியில் பிறந்தவர்களிடம் கூடுதல். பலத்தால் ஜெயிக்க முடியாததால் அவர்கள் வேறு வழிகளைக் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது ஒரு விளக்கம். இதைச் சாக்காக வைத்து 'கஷ்டம் நல்லது' என்று சும்மா இருந்துவிடக் கூடாது. தப்பியவர்களை மட்டுமே நாம் எண்ணுகிறோம். வழியில் விட்டுப்போனவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

வளரும் எலும்பும் வாராந்திரச் சுமையும்

நீண்ட எலும்புகளின் முனைக்கருகில் மென்மையான வளர்ச்சித் தட்டுகள் உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். எலும்பு வேகமாக நீளும்போது தசைநாண்கள் இறுக்கமாகி, தாம் ஒட்டியிருக்கும் இடத்தை இழுக்கின்றன. முழங்காலுக்குக் கீழே அப்படி வரும் வலியும் வீக்கமும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் எனப்படும்; குதிகாலில் வருவது சீவர்ஸ். இரண்டும் பெரும்பாலும் சுமையைக் குறைத்தால் அடங்கும், புறக்கணித்தால் மாதக்கணக்கில் நீடிக்கும். இதே காலத்தில் கைகால் நீளம் சட்டென்று மாறுவதால் ஓட்டமும் பந்து பிடிப்பதும் தற்காலிகமாகத் தடுமாறும். மூன்று மாதம் முன்பு சுலபமாகச் செய்ததை இப்போது தவறவிடுகிற பையனைச் 'சோம்பேறி' என்பது அநியாயம்.

இதன்மேல் வாராந்திரச் சுமை சேர்கிறது. ஸ்காலர்ஷிப் பையன் ஒரே நேரத்தில் தொழில்முறைக் கிளப்புக்கும் ஊர்க் கிளப்புக்கும் பள்ளிக்கும் ஆடுகிறான். சுமையை அளக்க ஓர் எளிய வழி உண்டு: பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் 'எவ்வளவு கஷ்டமாக இருந்தது' என்று 0 முதல் 10 வரை பையனையே மதிப்பெண் போடச் சொல்லி, அதை நிமிடங்களால் பெருக்குவது.

உதாரணத்துக்கு ஒரு வாரம். ஸ்காலர்ஷிப் பயிற்சி இரண்டு மாலை, தலா 75 நிமிடம், மதிப்பெண் 6: மொத்தம் 900. ஊர்க் கிளப் பயிற்சி இரண்டு மாலை, தலா 75 நிமிடம், மதிப்பெண் 5: மொத்தம் 750. பள்ளி ஆட்டம் 60 நிமிடம், மதிப்பெண் 8: 480. வார இறுதி ஆட்டமும் அப்படியே: 480. கூட்டினால் 2,610. ஆனால் தொழில்முறைக் கிளப்பின் தாளில் இருப்பது 900 மட்டும், மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். 'லேசான வாரம்' என்று நினைத்து அதன் பயிற்சியாளர் உடற்பயிற்சி ஒன்றைச் சேர்த்துவிடுவார். தப்பு யாருடையது என்று தேடினால் கிடைக்காது; மூவரும் தங்கள் பங்கைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். மூன்று தாள்களும் ஒரே இடத்தில் சேராததே குறை.

இடம் குறைந்தால் தேர்வு முன்னே நகரும்

அகாடமி நடத்த இங்கிலாந்தின் ரக்பி ஃபுட்பால் லீக் அமைப்பு உரிமம் தருகிறது. 2021ல், அடுத்த ஆண்டு தொடங்கும் காலத்துக்கான எலைட் அகாடமி உரிமத்தை பிராட்ஃபோர்டு புல்ஸ், காஸில்ஃபோர்டு டைகர்ஸ், ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் ஆகிய மூன்று கிளப்புகளுக்கும் மறுத்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு மூன்றுக்கும் தற்காலிக உரிமம் கிடைத்தது. மறுத்தவர்களின் வாதத்தைப் புறந்தள்ள முடியாது: ஆட வரும் பையன்களின் எண்ணிக்கை குறைவு, அகாடமிகள் அதிகமானால் தரம் நீர்த்துப்போகும், ஒருதலையான ஆட்டங்களில் யாரும் எதையும் கற்பதில்லை.

ஆனாலும் என் பார்வையில் அந்த வாதம் வளர்ச்சிக் கணக்கை விட்டுவிடுகிறது. இடங்கள் குறைந்தால் ஒவ்வோர் இடத்துக்கும் போட்டி கூடும். போட்டி கூடினால் கிளப்புகள் பையனை மற்றவருக்கு முன்பே பிடித்துவைக்கப் பார்க்கும். சீக்கிரம் பிடிக்க வேண்டுமென்றால் சீக்கிரம் தெரிவதைத்தான் பார்க்க முடியும், அதாவது உடலை. தாமதமாக முதிர்பவனுக்கு இரண்டாவது கதவாக இருப்பது பக்கத்து ஊர் அகாடமிதான். சாம் பர்ஜஸ், ஜான் பேட்மன், எலியட் ஒயிட்ஹெட் என ஆஸ்திரேலியா வரை போய் ஆடியவர்களை வளர்த்தது பிராட்ஃபோர்டு. அப்படிப்பட்ட கதவுகளைக் குறைப்பதற்கு முன் அவற்றின் வழியே யார் வந்தார்கள் என்று பார்த்திருக்க வேண்டும்.

18க்குப் பிறகு வரும் பள்ளம்

18 வயது அணியிலிருந்து முதல் அணிக்கு நேராகத் தாவுவது அரிது. எண்களை உத்தேசமாக வைத்துப் பாருங்கள். அகாடமியிலிருந்து ஆண்டுக்குப் பத்துப் பேர் வெளியே வருகிறார்கள்; முதல் அணியில் காலியாவது இரண்டு, மூன்று இடம். 18 வயதுப் பையன் எதிர்கொள்ள வேண்டியது பத்து வருடம் எடைப் பயிற்சி செய்த 28 வயது ஆளை. இடையில் இரண்டு மூன்று ஆண்டு ஆடிப் பழக ஓர் இடம் வேண்டும். அதுதான் ரிசர்வ் அணி.

இங்கிலாந்தில் அந்தப் படி பல ஆண்டுகள் பலவீனமாகவே இருந்தது. செலவை மிச்சப்படுத்தப் பல கிளப்புகள் ரிசர்வ் அணியைக் கலைத்தன. 2013ல் வந்த இரட்டைப் பதிவு முறை, அதாவது சூப்பர் லீக் கிளப்பின் வீரர் கீழ்ப்பிரிவுக் கூட்டாளி அணிக்கும் ஆட அனுமதி, அதற்கு மாற்றாகக் கருதப்பட்டது. ஆடக் கிடைப்பது நல்லதுதான். ஆனால் இந்த வாரம் இங்கே, அடுத்த வாரம் அங்கே என்று போகிறவனை வளர்க்கும் பொறுப்பு யாருக்கும் முழுதாக இல்லை. கூட்டாளி அணிக்கு வேண்டியது அந்த வார வெற்றி. அவர்களுடைய சொந்த வீரன் இவனுக்காக வெளியே உட்கார்கிறான். 2020 முதல் சூப்பர் லீக் கிளப்புகளுக்கு ரிசர்வ் அணி கட்டாயம் என்று முடிவாகி, அந்த ஆண்டுப் போட்டி கொரோனாவால் நின்றுபோனது.

தாமதமாக முதிர்பவனுக்கு இந்தப் பள்ளம் மேலும் ஆழம். 19 வயதில்தான் அவன் உடல் மற்றவர்களைத் தொடுகிறது. முடிவு 18ல் எடுக்கப்பட்டுவிடுகிறது.

ஆஸ்திரேலியா நேரெதிரான தவறைச் செய்து பார்த்தது. 2008 முதல் 2017 வரை, அந்நாட்டின் உச்சப் போட்டியான என்ஆர்எல்லில் ஆடும் கிளப்புகளின் 20 வயதுக்குட்பட்டோர் அணிகள் தேசிய அளவில், தொலைக்காட்சி ஒளிபரப்போடு ஆடின. ஏகப்பட்ட பாயிண்ட், திறந்த ஆட்டம், தளர்ந்த தற்காப்பு. 18 வயதில் ஊரறிந்த முகம், வாரந்தோறும் விமானப் பயணம். அங்கே மின்னியவர்களில் பலர் பெரியவர்கள் ஆட்டத்துக்கு வந்ததும் திணறினார்கள். ஏனென்றால் அதுவரை மோதியதெல்லாம் தங்கள் வயதினரோடு மட்டும். 2013ல், 20 வயதே ஆன இரண்டு இளம் வீரர்கள் சில வார இடைவெளியில் தற்கொலை செய்துகொண்டது அந்த நாட்டையே உலுக்கியது. ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் பசிபிக் தீவுக் குடும்பங்களிலிருந்து வரும் பையன்கள் குடும்பத்தின் எதிர்பார்ப்பையும் தோளில் சுமக்கிறார்கள் என்பதும், காயமோ விடுவிப்போ வரும்போது அவர்களுக்கு வேறு அடையாளம் இல்லாமல் போவதும் அதற்குப் பிறகே வெளிப்படையாகப் பேசப்பட்டன. வேலையோ படிப்போ இல்லாதவன் ஆடக் கூடாது என்ற விதி அந்தப் போட்டியில் இருந்தது, நல்ல விதி. 2017க்குப் பின் அந்தத் தேசியப் போட்டி நிறுத்தப்பட்டு, மாநில அளவிலான போட்டிகள் அந்த இடத்துக்கு வந்தன.

இதுவரை: உடல் எட்டிப் பிடிக்கும் வயது 18 முதல் 20. அந்த வயதில் ஆடப் படி இல்லாமல் போனால் 14ல் செய்த தவறைத் திருத்த வழியில்லை. படி பகட்டான மேடையானாலும் பயனில்லை. பெரியவர்களோடு, கூட்டமில்லாத மைதானத்தில், வாராவாரம் ஆடுவதே வேண்டும்.

அளப்பது எப்படி, எங்கே ஏமாறலாம்

முதல் வேலை மலிவானது: உயர அளவுகோல், தராசு, உட்கார ஒரு பெட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை. அதே நேரம், அதே ஆள், செருப்பில்லாமல், இரண்டு முறை அளந்து சராசரி. காலையும் மாலையும் உயரம் 1 செ.மீ. வரை மாறும் என்பதால் நேரம் முக்கியம். மாதத்துக்கு 0.6 செ.மீ.க்கு மேல் உயரம் ஏறினால் அவன் உச்ச வளர்ச்சிக் காலத்தில் இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டு, குதிப்பையும் விரைவோட்டத்தையும் கனமான எடைப் பயிற்சியையும் சில வாரங்கள் குறைக்கலாம்.

முதிர்ச்சியைக் கணிக்க இரண்டு சூத்திரங்கள் பழக்கத்தில் உள்ளன. மிர்வால்ட் குழுவின் 2002 சூத்திரம், உட்கார்ந்த உயரம், கால் நீளம், எடை, வயது ஆகியவற்றிலிருந்து உச்ச வளர்ச்சிக் காலத்துக்கு எவ்வளவு முன்னே அல்லது பின்னே இருக்கிறான் என்று சொல்லும். பிழை ஏறக்குறைய ஒரு வருடம் முன்பின் போகலாம். மிகத் தாமதமாக முதிர்பவர்களைச் சராசரிக்கு இழுத்துக்காட்டும். நாம் தேடுவது அவர்களைத்தான் என்பதால் இது சிறிய குறையல்ல. 1994ல் வந்த கேமிஸ்-ரோச் முறை, பையனின் உயரம், எடை, பெற்றோர் இருவரின் சராசரி உயரம் ஆகியவற்றைக் கொண்டு வளர்ந்தபின் இருக்கப்போகும் உயரத்தைக் கணிக்கிறது. இப்போது அதில் எத்தனை சதவீதம் வந்திருக்கிறான் என்பதே முதிர்ச்சி அளவு. உச்ச வளர்ச்சிக் காலத்தில் அது 91, 92 சதவீதத்தை ஒட்டியிருக்கும். பெற்றோர் சொல்லும் உயரத்தை நம்பக் கூடாது, அளக்க வேண்டும். அப்பாக்கள் கூட்டித்தான் சொல்வார்கள். இந்தச் சூத்திரம் வெள்ளை அமெரிக்கக் குழந்தைகளின் அளவுகளிலிருந்து வந்தது. பசிபிக் தீவு, தெற்காசியக் குடும்பத்துப் பையன்களிடம் எண்ணை வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தச் சதவீதத்தை வைத்து, வயதுக்குப் பதிலாக முதிர்ச்சியால் அணி பிரிப்பதே பயோ-பேண்டிங். 85 முதல் 90 சதவீதம் ஒரு குழு, 90 முதல் 95 மற்றொன்று. இங்கிலாந்துக் கால்பந்து அகாடமிகள் சில இதைச் சோதித்திருக்கின்றன. அதற்கு முன்பே நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஜூனியர் ரக்பியில் எடைப் பிரிவுகள் உண்டு. இதில் பெரிய பையனுக்குத்தான் அதிக லாபம் என்று நினைக்கிறேன். தன் அளவு ஆட்களோடு ஆடும்போதுதான் அவனுக்குப் பாஸ் தேவைப்படும். ஆனால் எப்போதும் இதே முறை கூடாது. 12 வயது மனதோடு 15 வயதினர் நடுவே ஆடுவது சுமை. நண்பர்களோடு ஆடுவதும் வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை போதும்.

ஆள் பார்ப்பவரின் கண்ணைத் திருத்த ஒரு வழி, செலவே இல்லாதது. டேவிட் மேனும் ப்ளூன் வான் கின்னெகனும் 2017ல் கால்பந்தில் சோதித்தது. பையன்களின் பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்தபோது ஆள் பார்ப்பவர்களின் சாய்வு குறையவில்லை. வயது வரிசைப்படி சட்டை எண்ணைக் கொடுத்து, எண் கூடக் கூட வயது மாறும் என்று சொன்னபோது சாய்வு மறைந்தது. தாளில் இருப்பது ஆட்டத்தின் நடுவே ஞாபகத்துக்கு வருவதில்லை. முதுகில் இருப்பது வருகிறது.

கையெழுத்துப் போடுமுன் பெற்றோர் கேட்க வேண்டியவை

பையனின் உயரம், எடை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளக்கப்படும், அந்த எண்கள் உங்களுக்குத் தரப்படுமா என்று முதலில் கேளுங்கள். ஊர்க் கிளப், பள்ளி, அகாடமி மூன்றின் வாரச் சுமையையும் கூட்டிப் பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். ஒரு பெயர் வர வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் 18 வயது முடித்தவர்கள் இப்போது எங்கே ஆடுகிறார்கள், ரிசர்வ் அணிக்கு ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் என்பதற்குப் பதில் தெளிவாக இருக்க வேண்டும். பயிற்சி நேரம் கல்லூரி நேரத்தை விழுங்குகிறதா என்பதை அட்டவணையை வாங்கிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

விடுவிக்கும் நாள் பெரும்பாலானவர்களுக்கு வரும் என்பதால் அதையும் இப்போதே பேசிவிட வேண்டும். ஐந்து நிமிடச் சந்திப்பும் கைகுலுக்கலும் போதாது. அதுவரையிலான அளவீடுகள், எந்தத் திறமை சரி, எது குறை என்ற எழுத்துக் குறிப்பு, முதிர்ச்சியில் பின்தங்கியவனாக இருந்தால் எந்த மாதத்தில் அவன் ஆடுவதை மறுபடி பார்க்க வருவார்கள் என்ற தேதி, பையன் மனம் உடைந்தால் கூப்பிட ஒரு தொலைபேசி எண் ஆகியவை அன்று கையில் தரும் ஒரு தாளில் இருக்கட்டும். அதன் நகல் அவன் ஊர்க் கிளப்பின் பயிற்சியாளருக்கும் போக வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை அவனை மைதானத்தில் பார்க்கப்போவது அவர்தான்.